மொட்டை மாடி சோலாருக்கு பேட்டரி வேண்டுமா? வேண்டுமென்றால் யார் வைப்பது?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் பொதுக்குழுவுக்கு முன் படித்துவிட்டு வர வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் செய்திமடலில் தரப்படுகிறது.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கேஷ் கவுன்டர், கிளியரிங், லெட்ஜர் என்று சுற்றி வந்து ரிட்டயர் ஆனவன். இந்த அறையிலேயே மின்சாரம் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். நான் ஏதாவது தவறாகச் சொன்னால் அங்கேயே கையைத் தூக்குங்கள். நான் பேச வந்தது பெரும்பாலும் கணக்கு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வரும் பொதுக்குழுவில் மூன்று யோசனைகள் வருகின்றன. பொது உபயோகத்துக்கு மொட்டை மாடியில் 30 கிலோவாட் சோலார் பேனல் போடுவது ஒன்று. அதோடு ஒரு பெரிய பேட்டரியும் வாங்குவது இரண்டாவது. மூன்றாவது, வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதியது: ஒவ்வொரு வீடும் தனித்தனியாக பேட்டரி வைத்துக்கொள்ளட்டும், சங்கம் மொத்தமாகப் பேசி விலை குறைத்து வாங்கித் தரட்டும். மூன்றுக்கும் பணம் கார்பஸ் ஃபண்டிலிருந்தோ உங்கள் பையிலிருந்தோதான் போக வேண்டும். ஆகவே கை தூக்குவதற்கு முன் அரை மணி நேரம் இதைக் கேட்கலாம்.

சோலாரில் இருக்கும் ஒரே பெரிய சிக்கல் நேரம். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் போலக் கொடுக்கும். 30 கிலோவாட்டுக்கு 120 யூனிட். நல்ல அளவுதான். ஆனால் அதில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறோம்? என்னைப் போல நாலு பெரிசுகள், ஒரு ஃபேன், ஒரு டி.வி. ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது பேனலில் ஒரு யூனிட்டும் வராது.

இப்போது இந்த இடைவெளியை யார் சமாளிக்கிறார்கள்? மின்வாரியத்தின் கம்பி. பகலில் நாம் மிச்சமானதைக் கம்பியில் விடுகிறோம், ராத்திரி எடுத்துக்கொள்கிறோம். நெட் மீட்டர் என்றால் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து மீதிக்கு பில். இது ஒரு கரன்ட் அக்கவுன்ட் மாதிரி. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் காற்றடிக்கும் மாதத்தில் கொடுத்து மற்ற மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'பேங்கிங்' என்றே பெயர். அந்தப் பெயரை முதலில் பேப்பரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஏனென்றால் வங்கியில் போட்ட பணம் பெட்டியில் இருக்கும். கம்பியில் விட்ட மின்சாரம் எங்கேயும் இருக்காது. நாம் விடும் அதே நொடியில் வேறு யாராவது அதைச் செலவு செய்தாக வேண்டும். ராத்திரி நமக்குத் திரும்பி வருவது அப்போது அனல் மின்நிலையத்திலோ வேறு எங்கேயோ புதிதாக உற்பத்தி செய்தது.

பத்து வீட்டில் ஒரு வீடு சோலார் போட்டால் இது ஒன்றும் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் அதைச் சாப்பிட்டுவிடும். பத்தில் ஏழு வீடு போட்டால்?

வங்கிக் கிளையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவு ரொக்கம்தான் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு அளவு உண்டு. சந்தை நாளில் வியாபாரிகள் எல்லாரும் பணத்தைக் கட்டினால் அளவைத் தாண்டிவிடும். வேன் வரவழைத்து, காவலோடு கரன்சி செஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சம்பள நாளில் எல்லாரும் எடுக்க வந்தால் அங்கேயிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். நம் தெரு முனை டிரான்ஸ்பார்மர் அந்தச் சின்னக் கிளை. துணை மின்நிலையம் கரன்சி செஸ்ட். வித்தியாசம் என்னவென்றால், டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு அலமாரிகூடக் கிடையாது. வந்ததை அந்த நொடியிலேயே தள்ளிவிட வேண்டும்.

கம்பியில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். மேலும் கீழுமாக 6 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதி. அதாவது சுமார் 216லிருந்து 244 வரை. சோலார் இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் கம்பியில் இருப்பதைவிடத் தன் வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாயில் எதிர்ப் பக்கமிருந்து மோட்டார் போட்டுத் தள்ளுவது போல. ஒரே லைனில் இருபது வீடு ஒரே நேரத்தில் இப்படித் தள்ளினால் தெருக் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் எகிறும். எல்லை தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். அதைப் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பளீரென்று வெயில் அடிக்கும் மத்தியானத்தில் பேனல் சும்மா காயும்.

சாயங்காலம் இதற்கு நேர் எதிர். ஆறு மணிக்கு சூரியன் போகிறது, ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வருகிறோம், இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் சார்ஜுக்கு வந்து நிற்கின்றன. நம் பின் தெருவில் மே மாத ராத்திரிகளில் டியூப் லைட் மினுக்கி மினுக்கி எரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டிரான்ஸ்பார்மர் நாள் முழுக்க ஓய்வாக இருந்துவிட்டு, அந்த நாலு மணி நேரம் மூச்சுத் திணறுகிறது.

கலிபோர்னியாவில் மின்கட்டமைப்பை நடத்துபவர்கள் 2013ல் இதை ஒரு வரைபடமாகப் போட்டார்கள். சோலார் போக மீதித் தேவை மத்தியானம் பள்ளமாக இறங்கி, சாயங்காலம் கழுத்தைத் தூக்குவதால் அதற்கு வாத்து வளைவு என்று பெயர் வந்தது. அங்கே இப்போது அந்தக் கழுத்தை பேட்டரி வைத்துத்தான் இறக்குகிறார்கள். 2024 ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம், பேட்டரிகளிலிருந்து மட்டும் 6,000 மெகாவாட்டுக்கு மேல் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அந்த மாநிலத்தின் மற்ற எல்லா மின் ஆதாரங்களையும் அது முந்தியது.

ஆஸ்திரேலியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வீட்டுக்கூரை சோலார் மிக அதிகம். தெற்கு ஆஸ்திரேலியா என்ற மாநிலத்தில் 2020 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமார் ஒரு மணி நேரம், மாநிலத்தின் மொத்தத் தேவைக்குச் சமமான மின்சாரம் சோலாரிலிருந்தே கிடைத்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வீட்டுக்கூரைகளிலிருந்து. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த மார்ச்சில், மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக, ஆயிரக்கணக்கான வீடுகளின் சோலாரைத் தொலைவிலிருந்தே அணைக்கச் சொல்லி உத்தரவு போனது. சொந்தக் காசில் போட்ட பேனலை வெயில் நேரத்தில் வேறொருவர் அணைக்கிறார் என்றால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? சேமிக்க இடமில்லாமல் பேனலை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எங்கேயும் இந்த நாள் வரத்தான் செய்யும்.

அதே நாட்டில் மேற்கு மாநிலத்தில் வேறொரு வழி பார்த்தார்கள். பெர்த் நகருக்குத் தெற்கே மண்டுரா என்ற ஊரில் மெடோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு குடியிருப்புப் பகுதி. 2018 கடைசியில் அங்கே தெருவோரத்தில் ஒரே ஒரு பேட்டரியை வைத்தார்கள். 105 கிலோவாட், 420 யூனிட் கொள்ளும். கம்பம், கம்பி வைத்திருக்கும் நிறுவனமும் மின்சாரம் விற்கும் நிறுவனமும் சேர்ந்து செய்தது. அந்தப் பகுதியில் சோலார் வைத்திருந்த 52 வீட்டுக்காரர்களிடம், நாளுக்கு ஒரு டாலர் கொடுங்கள், உங்களுக்கு இந்தப் பேட்டரியில் 8 யூனிட் இடம், பகலில் மிச்சமானதைப் போட்டு வையுங்கள், சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

52ஐ 8ஆல் பெருக்கிப் பாருங்கள். 416. பேட்டரி 420. எனக்கு இதைப் படித்ததும் எங்கள் கிளையின் லாக்கர் அறைதான் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய ஸ்ட்ராங் ரூம், அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள், ஆளுக்கு ஒரு சாவி, வருஷ வாடகை. ஒவ்வொருவர் வீட்டிலும் இரும்பு அலமாரி வாங்கிச் சுவரில் பதிப்பதைவிடச் செலவு குறைவு, பத்திரமும் கூட. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பவர்பேங்க். வாடகை வாங்கிக்கொண்டதோடு நிற்காமல், அதே பேட்டரியை வைத்து அந்தத் தெருவின் சாயங்கால நெருக்கடியையும் சமாளித்தார்கள். ஒரு பொருள், இரண்டு வேலை. பேட்டரி டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. பகலில் மிச்சம் அங்கேயே தங்கிவிடும், கம்பி வழியாக மேலே ஏற வேண்டாம். ராத்திரி அங்கிருந்தே இறங்கும், துணை மின்நிலையத்திலிருந்து அவ்வளவு தூரம் வர வேண்டாம். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக மாற்றும் செலவையும் சில வருஷம் தள்ளிப்போடலாம்.

நம் நாட்டிலும் இது வராமல் இல்லை. டெல்லியில் ரோகிணியில் 2019ல் டாடா பவர் டெல்லி நிறுவனம் 10 மெகாவாட் பேட்டரியை நிறுவியது. 2021ல் அதே நிறுவனம் ராணிபாக் துணை மின்நிலையத்தில் சமூக பேட்டரி என்று சிறிதாக ஒன்று வைத்தது, 150 கிலோவாட், 528 யூனிட். அளவைப் பாருங்கள், மெடோ ஸ்பிரிங்ஸ் பேட்டரிக்கு அண்ணன் மாதிரி, அவ்வளவுதான். தெற்கு டெல்லியில் கிலோகரி துணை மின்நிலையத்தில் 20 மெகாவாட், இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி 2025ல் வந்தது. மத்திய அரசும் பேட்டரித் திட்டங்களுக்கு மூலதனத்தில் 40 சதவீதம் வரை உதவி தர 2023 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதில் குறைந்தது 85 சதவீதக் கொள்ளளவு மின் விநியோக நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும் என்று நிபந்தனை. பேட்டரி எங்கே இருந்தால் பிரயோஜனம் என்பதை டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களும் யோசித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

பொது மீட்டரை நம் எலக்ட்ரீஷியன் தம்பி இரண்டு வாரம் மணிக்கு மணி பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி நேரத்தில் வாட்ச்மேன் எழுதினார். இருவருக்கும் நன்றி, இந்த நோட்டு இல்லாவிட்டால் நான் பேசுவது வெறும் வாய்ப்பந்தல். லிஃப்ட், மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு, வராண்டா விளக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு சராசரி 210 யூனிட். அதில் காலை 9லிருந்து மாலை 4 வரை 95 யூனிட். அதாவது வெயில் நேரத்தில் நம் செலவு 95, பேனல் கொடுக்கப்போவது 120. மிச்சம் 25.

இந்த 25 யூனிட்டுக்குத்தான் பேட்டரி கேட்கிறோம். ஆனால் நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது. சம்பிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் நாளுக்கு 40 யூனிட் எடுக்கின்றன. ஓடுவது விடியற்காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும். ஏன் என்று கேட்டேன். "எப்பவும் அப்படித்தான் சார்" என்றார்கள். மேல் டேங்க் ஒரு நாள் தண்ணீரைத் தாங்கும். மோட்டாரை மத்தியானம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஓட்டினால் 30 யூனிட் வெயில் நேரத்துக்கு வந்துவிடும். 95ம் 30ம் 125. மிச்சம் காணாமல் போய்விட்டது. மழை நாள், மேகமூட்டம், நடுப்பகலில் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாக வெளியே போவது எல்லாம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் பேட்டரியை நிரப்பும் அளவுக்கு நம்மிடம் உபரியே இல்லை. மேல் டேங்க்தான் நம்முடைய பேட்டரி. அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம்.

உபரி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதாவது லாபமா? நெட் மீட்டர் கிடைத்தால், பகலில் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ராத்திரி ஒரு யூனிட். பேட்டரியில் 100 யூனிட் போட்டால் திரும்பக் கிடைப்பது 85லிருந்து 90தான், மீதி சூடாகப் போய்விடும். வங்கி சும்மா வைத்துக்கொள்கிறேன் என்கிறபோது, நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் கமிஷன் கொடுத்து வேறு இடத்தில் வைப்பாரா யாராவது?

நெட் பில்லிங் என்ற முறையில் நிலைமை வேறு. அதில் நாம் விற்பது ஒரு விலை, வாங்குவது வேறு விலை. நம்மைப் போன்ற லிஃப்ட் உள்ள குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம். மாதிரிக்கு விற்பது 3 ரூபாய், வாங்குவது 8 என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டை விற்காமல் சேமித்தால் 5 ரூபாய் மிச்சம். இப்போது ஒரு யூனிட் கொள்ளும் பேட்டரி, இன்வெர்ட்டர், வயரிங் உள்பட 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதுவும் மாதிரிதான், விலைப்புள்ளி வந்தபிறகு இந்த இடத்தில் உண்மையான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 12 வருஷம் உழைத்தால் தேய்மானம் வருஷத்துக்கு 1,667, நாளுக்கு 4 ரூபாய் 57 காசு. இதோடு முடியவில்லை. அந்தப் பணம் இப்போது டெபாசிட்டில் 7 சதவீதம் ஈட்டுகிறது என்றால், சராசரியாகப் பாதித் தொகைக்கு வட்டி இழப்பு வருஷத்துக்கு 700, நாளுக்கு 1 ரூபாய் 92 காசு. இரண்டும் சேர்ந்து 6 ரூபாய் 49 காசு. மிச்சமாவது 5. கமிஷன் போல வீணாவதை இன்னும் சேர்க்கவில்லை.

விற்பனைக்கு வருபவர்கள் வட்டியைக் கணக்கில் காட்டுவதே இல்லை. பேட்டரி இத்தனை வருஷத்தில் 'ஃப்ரீ' ஆகிவிடும் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாளில் கார்பஸ் ஃபண்டின் வட்டி எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அதே கணக்கில் 20,000 என்பது 14,000க்குக் கீழே இறங்கினால் லாபம் வர ஆரம்பிக்கிறது. இறங்குமா? லித்தியம் பேட்டரி பேக்கின் உலகச் சராசரி விலை 2010ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024ல் 115 டாலர். இது பேட்டரி மட்டும். மற்ற சாமான்களும் பொருத்துக் கூலியும் தனி. ஆனாலும் போகும் திசை தெரிகிறது. அத்துடன் வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் வாங்கலாம் என்று மத்திய அரசு 2023ல் விதி திருத்தியிருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்து அது நம் வரைக்கும் எட்டினால் பேட்டரியின் கணக்கு இன்னும் சாதகமாகும். அவசரப்பட்டு இன்று வாங்குவதைவிட, இரண்டு மூன்று வருஷம் கழித்து இதே தாளை எடுத்து மறுபடியும் கூட்டிப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பேனல் விஷயத்தில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 120 யூனிட்டை நாமே பயன்படுத்தினால் நாளுக்கு 960 ரூபாய், வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் மிச்சம். பிரதமர் சூரிய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். 30 கிலோவாட்டுக்கு 5,40,000. அந்தத் திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. மானியம் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. நம் இணைப்புக்கு நெட் மீட்டரா நெட் பில்லிங்கா என்பதை மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாக வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

இந்த இடத்தில் பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்: "சோலார் போட்டால் கரன்ட் போகும்போது லிஃப்ட் ஓடும் இல்லையா?" ஓடாது அம்மா. கரன்ட் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக. கரன்ட் போனபிறகும் வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரிக்கு நம்மிடம் நியாயமான இடம் இங்கேதான் இருக்கிறது, ஜெனரேட்டருக்குப் பதிலாக. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். யூனிட் 28 ரூபாய் போல ஆகிறது, புகையும் சத்தமும் இலவசம். அரை மணி, ஒரு மணி நேர மின்தடைக்கு லிஃப்ட்டையும் வராண்டா விளக்கையும் ஒரு நடுத்தர பேட்டரி அமைதியாகச் சமாளிக்கும். ஆனால் 2016 வர்தா புயலை மறந்துவிட வேண்டாம். நாள் கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தோம். அதற்கு பேட்டரி போதாது. ஆகவே ஜெனரேட்டரை விற்க வேண்டாம். அது மாற்றும் வயசுக்கு வரும்போது, சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் பேட்டரி ஒன்றுமாக வாங்கலாம்.

எங்கே வைப்பது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடித்தளப் பார்க்கிங்கில் கூடாது. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை அடித்தளங்கள் குளமாயின என்று தெரியும். தவிர, லித்தியம் பேட்டரியில் தீ பிடித்தால் அணைப்பது மிகவும் கஷ்டம், கார்களுக்கு நடுவில் அது இருக்கக்கூடாது. சூடும் அதற்கு ஆகாது, சூடு ஏற ஏற ஆயுசு குறையும். தரைக்கு மேலே, மேடை கட்டி, நிழலில், காற்றோட்டமாக.

வீட்டுக்கு வீடு பேட்டரி என்ற யோசனைக்கும் இதே பதில்தான். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏ.ஹெச். பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட், அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். ஏ.சி.க்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஏ.சி. ஓடும் அளவுக்கு லித்தியம் பேட்டரி என்றால் தொண்ணூற்றாறு வீட்டில் தொண்ணூற்றாறு பேட்டரி, தொண்ணூற்றாறு வயரிங். யாருடையது எப்போது பழுதாகும் என்று யார் பார்ப்பது? எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏ.சி. ஓடுவதில்லை. பத்துப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், பத்துப் பேர் நைட் ஷிஃப்ட். பொதுவாக ஒன்று இருந்தால் மொத்த அளவு குறைவாகவே போதும். வங்கியே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

கடைசியாக, கொஞ்சம் சர்ச்சையான விஷயம். நம் காம்பவுண்டின் வடகிழக்கு மூலையில் மின்வாரிய டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. கட்டடம் கட்டியபோது அதற்கு இடம் விட்டோம். அதன் பக்கத்தில் இப்போது உடைந்த சைக்கிள்கள் கிடக்கும் ஒரு துண்டு இடம் உண்டு. அந்த இடத்தைத் தருகிறோம், எங்கள் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு பொது பேட்டரியைச் சோதனையாக வையுங்கள் என்று பக்கத்து இரண்டு குடியிருப்புச் சங்கங்களோடும் பின் தெரு மக்களோடும் சேர்ந்து மின் விநியோகக் கழகத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். நம் இடத்தில் வைத்து ஊருக்கு எதற்கு என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாடகை கேட்கலாம், தீ பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கலாம், நமக்குக் குறிப்பிட்ட யூனிட் ஒதுக்கச் சொல்லலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். நமக்கு மொட்டை மாடி இருக்கிறது, பேனல் போடுகிறோம், பில் குறைகிறது. பின் தெருவில் ஓட்டு வீடும் ஒண்டுக் குடித்தனமுமாக நாற்பது குடும்பம் அதே டிரான்ஸ்பார்மரில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பேனல் போட இடமே இல்லை. பகலில் நாம் தள்ளும் வோல்டேஜும், ராத்திரி நாம் இழுக்கும் ஏ.சி.யும் அவர்கள் கம்பியிலும்தான் தெரியும். தையல் கடைக்காரர் மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தைக்க முடியாமல் மிஷினை நிறுத்திவிடுகிறார். கட்டமைப்பைப் பலப்படுத்தும் செலவு கட்டணமாக எல்லார் தலையிலும் விழும், அவர் தலையிலும். மூலையில் இருக்கும் அந்தத் துண்டு இடத்துக்கு நாம் வாடகை கேட்கலாமா வேண்டாமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். மனுவே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனு கொடுத்தவுடன் பேட்டரி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பதில் வரவே நாளாகலாம். ஆனால் டெல்லியில் வந்தது இங்கேயும் வரும். வரும்போது, இடமும் இருக்கிறது, மக்களும் சம்மதம் என்று கோப்பில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருக்கும் தெருவைத்தான் எந்த அதிகாரியும் முதலில் பார்ப்பார். இது அலுவலகத்தில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்வது.

மோட்டார் நேரத்தை மாற்றுவதற்குப் பொதுக்குழு தேவையில்லை. முதல் தேதியிலிருந்து பகலில் ஓட்டிப் பழகலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். பேனல் வரும்போது அந்தப் பழக்கம் தயாராக இருக்கும். யாருக்காவது குழாயில் தண்ணீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள். மணிவாரி மீட்டர் நோட்டும், நான் போட்ட கணக்குத் தாளும், மனுவின் வரைவும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் அங்கேயே இருப்பேன். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் கால்குலேட்டரோடு வரலாம்.